பாறையில் ஒரு சுருள்: அமெரிக்கப் பூர்வகுடிகளின் பாறை ஓவியங்களைப் படிக்கப் பழகுபவர்களுக்கு

பாறையில் ஒரு சுருள் செதுக்கியிருக்கிறது. நடுப்புள்ளியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வரும் கோடு. இதற்கு என்ன அர்த்தம் என்று இணையத்தில் தேடினால் நொடியில் பதில் வந்துவிடும்: பிரபஞ்ச ஆற்றல், ஆன்மாவின் பயணம், மறுபிறப்பு. சட்டை, மோதிரம், பச்சை குத்தல் எல்லாவற்றிலும் அந்த அர்த்தத்தோடுதான் சுருள் விற்கிறது.

அந்தச் சுருள்கள் இருக்கும் மண்ணுக்கே போய்ப் பார்ப்போம். நியூ மெக்சிகோவில் வாழும் சூனி மக்களிடம் கேட்டவர்களுக்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. காற்று என்றார்கள், நீர் என்றார்கள், நத்தை என்றார்கள், உலகின் நடுவிடத்தைத் தேடி முன்னோர் அலைந்த பயணம் என்றும் சொன்னார்கள். அரிசோனாவின் ஹோப்பி மக்கள் தங்கள் குலங்கள் இடம்பெயர்ந்து வந்த வழியைச் சுருளில் காண்கிறார்கள். நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில், ஃபஹாடா குன்றின் உச்சிக்கு அருகே இருக்கும் சுருளுக்கு முன்னால் மூன்று பெரிய கற்பலகைகள் சாய்ந்து நின்றன. கோடைக்காலத்தின் மிக நீண்ட பகல் நாளில், உச்சிவேளை நெருங்கும்போது, பலகைகளின் இடுக்கு வழியே வெயில் ஒரு குத்துவாள் போல இறங்கிச் சுருளின் நடுவைக் கிழித்துக்கொண்டு போகும். அன்னா சோஃபேர் என்ற ஓவியர் 1977இல் அதைக் கண்டு பதிவு செய்தார். அந்தச் சுருள் ஒரு நாட்காட்டி என்பது அவர் கருத்து.

உருவம் ஒன்று, பொருள் பல. ஆகவே இந்த ஓவியங்களுக்கு "இந்தப் படம் என்றால் இது" என்ற அகராதி போட முடியாது. எந்த மக்கள், எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் வரைந்தார்கள் என்று தெரிந்தால்தான் பொருளை நெருங்க முடியும். அப்படி நெருங்கும் வழியைத்தான் என்னால் முடிந்தவரை கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், யாருடைய பாறை?

"அமெரிக்கப் பூர்வகுடி" என்பது ஒரே இனம் இல்லை. நூற்றுக்கணக்கான மொழிகள், நூற்றுக்கணக்கான சமயங்கள். கலிஃபோர்னியாக் கடற்கரையின் சுமாஷ் மக்களும், கனடாவின் ஏரிகளில் படகோட்டிய ஓஜிப்வே மக்களும், சமவெளியில் எருமை வேட்டையாடிய பிளாக்ஃபுட் மக்களும் ஒரே கதைகளைச் சொல்பவர்கள் இல்லை. அதனால் பாறையைப் பார்க்கும் முன்பு அந்த நிலத்தில் யார் வாழ்ந்தார்கள், அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். ஒரு மாலை செலவாகும். அதைச் செய்யாமல் எடுத்த முடிவு எதுவும் நிற்காது.

கூடவே பெயர்களைச் சந்தேகியுங்கள். யூட்டா மாநிலத்தின் ஹார்ஸ்ஷூ பள்ளத்தாக்கில் 'கிரேட் கேலரி' என்ற பாறைச் சுவர் இருக்கிறது. கையும் காலும் இல்லாமல், தோளில் அகன்று கீழே குறுகிப்போகும் ஆளுயர உருவங்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான ஒன்றை 'பரிசுத்த ஆவி' என்று அழைக்கிறார்கள். வரைந்தவர்கள் கிறித்தவத்தைக் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. பின்னால் வந்தவர்கள் சூட்டிய பெயர் அது. ஆனால் பெயர் காதில் விழுந்த பிறகு அந்த உருவத்தை வேறு மாதிரி பார்ப்பது கஷ்டம். 'கொக்கோபெல்லி' விஷயமும் இப்படித்தான். முதுகு வளைந்து குழலூதும் உருவங்களுக்கெல்லாம் இன்று அந்தப் பெயர் ஒட்டிவிட்டது. பெயரின் மூலமான ஹோப்பி தெய்வ உரு கூக்கொப்பொலோவிடம் குழலே கிடையாது.

இடத்தைப் பாருங்கள், ஓவியத்தை அப்புறம் பார்க்கலாம்

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, நேராக ஓவியத்தின் முன்னால் போய் நின்று அதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது. நான் சொல்வது: முதல் பத்து நிமிடம் ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? தண்ணீரையா, மலைமுகட்டையா, சூரியன் உதிக்கும் பக்கத்தையா? அங்கே பத்துப் பேர் கூடி நிற்க இடம் இருக்கிறதா, ஒருவர் ஒடுங்கி உட்காரத்தான் இடமா? கூட்டம் பார்க்க வரைந்ததும் ஒற்றை ஆள் நோன்பிருந்த இடத்தில் வரைந்ததும் ஒன்றாக இருக்காது.

கனடாவின் ஒண்டாரியோவில் பீட்டர்பரோ அருகே வெளிறிய பளிங்குப் பாறை ஒன்று தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான செதுக்கல்கள்: ஆமைகள், பாம்புகள், படகுகள், தலை சூரியனாக இருக்கும் மனித உருவம். ஓஜிப்வே மக்கள் அதை 'கினூமாகேவாப்காங்', கற்பிக்கும் பாறைகள், என்று அழைக்கிறார்கள். ஏன் இந்தப் பாறை? அதில் ஆழமான வெடிப்புகள் ஓடுகின்றன. அடியில் நிலத்தடி நீர் ஓடும்போது சத்தம் வெடிப்பு வழியே மேலே வரும், யாரோ முணுமுணுப்பது போல. புகைப்படத்தில் அந்த முணுமுணுப்பு வராது. அதைக் கேட்காதவருக்கு அந்தப் பாறையின் பாதிப் பொருள் போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

வெடிப்பு, துளை, நீர்க்கசிவு, பாறையின் புடைப்பு இவை எல்லாம் ஓவியத்தின் பகுதிகள். ஓஜிப்வே நிலத்தில் ஏரியோரப் பாறை இடுக்குகளுக்குள் 'மேமேக்வேஷி' என்ற சிறு மனிதர்கள் குடியிருப்பதாகச் சொல்வார்கள். மருந்தறிவு தேடும் ஒருவர் புகையிலையைக் காணிக்கையாகக் கொடுத்து அவர்களிடம் மருந்து வாங்கி வருவார். இந்த நம்பிக்கை தெரிந்தவருக்கு வெடிப்பின் ஓரம் நிற்கும் ஓர் உருவம் வேறு கதை சொல்லும்.

எப்படிச் செய்தார்கள்?

இரண்டே வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்: செதுக்கியது, தீட்டியது. வறண்ட நிலங்களில் பாறையின் மேல் மாங்கனீசும் இரும்பும் கலந்த கரும்படலம் ஒன்று பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகளாகப் படியும். கல்லால் கொத்தி அதை அகற்றினால் அடியில் இருக்கும் வெளிர் நிறம் தெரியும். செதுக்கிய கோட்டின் மேலும் மெல்ல மெல்ல படலம் திரும்ப ஏறும். ஒரே பாறையில் ஓர் ஆடு பளிச்சென்றும் அதன் பக்கத்தில் இன்னோர் ஆடு மங்கலாகவும் இருந்தால், மங்கியது மூத்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து ஒரே கதையாகக் கட்டிவிடக் கூடாது.

தீட்டியவற்றில் சிவப்பு பெரும்பாலும் செங்காவி, அதாவது இரும்புத் தாது. கறுப்பு கரியிலிருந்தோ மாங்கனீசிலிருந்தோ வரும். எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இது சின்ன விவரம் மாதிரி தெரியும். எவ்வளவு பெரிய விவரம் என்பதற்கு டெக்சாஸில் பெக்கோஸ் ஆறு ரியோ கிராண்டேயில் கலக்கும் இடத்தருகே உள்ள ஓவியம் சாட்சி.

அதற்கு 'வெள்ளை ஷாமன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஷாமன் என்றால் ஆவியுலகோடு பேசி நோய் தீர்ப்பவர், மழை வரவழைப்பவர். சுமார் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும். பல தலைமுறைகள் வந்து வந்து கிறுக்கிவிட்டுப் போன சுவர் என்றுதான் முதல் பார்வையில் யாருக்கும் தோன்றும். கரோலின் பாய்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் நிறங்கள் மேலும் கீழுமாக விழுந்த இடங்களை நுண்ணோக்கியால் பார்த்தார்கள். முதலில் கறுப்பு, அதன் மேல் சிவப்பு, பிறகு மஞ்சள், கடைசியில் வெள்ளை. ஓவியம் முழுக்க இதே வரிசை. தனித்தனி ஆட்கள் தனித்தனிக் காலத்தில் வரைந்திருந்தால் ஒரு உருவத்தின் சிவப்பு இன்னொரு உருவத்தின் கறுப்புக்கு அடியில் எங்காவது போயிருக்கும். அப்படி இல்லை என்பதால், முழுச் சுவரும் முன்பே திட்டமிட்டு எழுதிய ஒரே படைப்பு என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகே பொருள் பற்றிய பேச்சு. ஓவியத்தில் மான்கொம்பு உள்ள உருவம் ஒன்று இருக்கிறது. கொம்பின் ஒவ்வொரு முனையிலும் ஒரு கரும்புள்ளி. மெக்சிகோவின் உய்ச்சோல் மக்களுக்கு மானும் பெயோட்டி என்ற கள்ளியும் ஒன்றேதான். அந்தக் கள்ளியைத் தேடிப் போகும் புனித யாத்திரையை அவர்கள் மான் வேட்டை என்றே சொல்கிறார்கள். கொம்பு முனைப் புள்ளிகளைப் பெயோட்டியாகக் கண்டு இந்த வழியில் போன பாய்ட், சுவர் முழுவதையும் உலகும் சூரியனும் பிறந்த கதையாக வாசிக்கிறார். அவர் வாசிப்பில், பெயருக்குக் காரணமான அந்த வெள்ளை உருவம் ஷாமனே இல்லை, நிலாத் தெய்வம். எல்லா அறிஞர்களும் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. உய்ச்சோல் மக்கள் வாழும் இடம் தூரம், காலமும் தூரம். ஆனாலும் நிறத்தின் வரிசையிலிருந்து தொடங்கி உறவுடைய மக்களின் கதை வரை அவர் போன பாதை, புதியவர்கள் பின்பற்ற நல்ல பாதை.

குறிப்பேடு

பாறையைத் தொடாமல் பதிவு செய்யுங்கள். சுண்ணக்கட்டியால் கோட்டைத் துலக்குவது, தாள் வைத்துத் தேய்ப்பது, தண்ணீர் தெளித்து நிறத்தை எழுப்புவது எதுவும் கூடாது. விரல் எண்ணெய்கூட நிறத்தைக் கெடுக்கும். காலத்தைக் கணிக்க வருபவர்களுக்குச் சுண்ணம் பெரிய தொந்தரவு. செதுக்கல் தெரியவில்லையா, வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ வாருங்கள். மங்கிய வண்ணத்துக்கு ஜான் ஹார்மன் உருவாக்கிய டிஸ்ட்ரெட்ச் மென்பொருள் இருக்கிறது. கண்ணுக்கு வெறும் கறையாகத் தெரிந்த இடத்தில் புகைப்படத்திலிருந்து ஆள் உருவமே எழுந்து வரும். அதில் தெரியும் மஞ்சளும் ஊதாவும் மென்பொருள் போட்ட நிறங்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எழுதும்போது, பார்த்ததை ஒரு பக்கமும் நினைத்ததை எதிர்ப் பக்கமும் எழுதுங்கள். "மனித உருவம், தலையில் இரண்டு வளைந்த கோடுகள், வலக்கையில் நீண்ட கோடு" என்பது பார்த்தது. "கொம்புக் கிரீடம் அணிந்த ஷாமன், மந்திரக்கோல்" என்பது நினைத்தது. நான் பழகத் தொடங்கிய நாட்களின் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'ஷாமன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் எடுத்துப் பார்த்தால் எந்த உருவத்துக்கு எத்தனை விரல், எது எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று ஒன்றும் தெரியவில்லை. என் கருத்து மட்டும் மிஞ்சியிருந்தது, பாறை மிஞ்சவில்லை.

காலத்துக்கும் சில பிடிமானங்கள் கிடைக்கும். குதிரையேறிய உருவம் இருந்தால் ஸ்பானியர் வந்த பிறகு வரைந்தது. வில் இருந்தால், ஈட்டியெறி கருவி மட்டும் உள்ள ஓவியங்களைவிடப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் ஆய்வகம்தான். முன்பு சொன்ன கிரேட் கேலரியைப் பல ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பாறை உடைந்து விழுந்த காலத்தையும் மணல் கடைசியாக வெயில் பட்ட காலத்தையும் அளந்து, அது கி.பி. 1 முதல் 1100 வரையிலான காலத்தைச் சேர்ந்தது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

சொல்லத் தெரிந்தவர்கள் சொன்னதைக் கேளுங்கள்

சுப்பீரியர் ஏரியின் வடகிழக்குக் கரையில் அகாவா பாறை. செங்குத்தாக ஏரிக்குள் இறங்கும் பாறை முகம், அடியில் நடக்க ஒரு குறுகிய விளிம்பு. அலை எழும் நாளில் அங்கே நிற்கவே முடியாது. செங்காவியில் கொம்பும் முதுகு நெடுக முட்களும் நீண்ட வாலும் உள்ள ஒரு விலங்கு, பக்கத்தில் ஒரு படகு, கீழே பாம்புகள். மிஷிபெஷு என்பது விலங்கின் பெயர், 'பெரிய காட்டுப்பூனை' என்று பொருள். நீருக்கடியில் வாழ்வது, வாலை வீசிப் புயலை எழுப்புவது, செம்பைக் காவல் காப்பது.

19ஆம் நூற்றாண்டில் ஷிங்வாக் என்ற ஓஜிப்வே தலைவர் இந்தப் பாறையில் என்ன இருக்கிறது என்று மரப்பட்டையில் வரைந்து, ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற அமெரிக்க அதிகாரிக்கு விளக்கினார். மயீங்குன் என்ற போர்த் தலைவர் தன் ஆட்களோடு படகுகளில் ஏரியைக் கடந்த கதை அது. வானம் போன்ற வளைவுக்குக் கீழே மூன்று சூரியன்கள்: கடக்க மூன்று நாள் ஆயிற்று. ஓர் ஆமை: கரை சேர்ந்தார்கள். ஸ்கூல்கிராஃப்ட் அதை 1851இல் அச்சிட்டார். பாறை எங்கே என்பது வெளியுலகுக்குத் தெரியாமல் போய், செல்வின் டியூட்னி என்பவர் அந்த விவரணையை வைத்துத் தேடி 1958இல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அந்த மூன்று சூரியன்களைக் கொஞ்சம் யோசியுங்கள். விளக்கம் தெரியாத ஒருவர் அதைச் சூரிய வழிபாடு என்று எழுதியிருப்பார், மூன்று உலகங்கள் என்று தத்துவமும் கட்டியிருப்பார். அது நாள் கணக்கு. அதே நேரம், கணக்கு என்பதால் ஆன்மிகம் இல்லை என்றும் ஆகாது. அந்தப் பெரிய ஏரியைப் படகில் கடந்து உயிரோடு சேர்ந்தது மிஷிபெஷுவின் அனுமதியால் என்பதால்தான் அந்த விலங்கு அங்கே நிற்கிறது என்று கொள்ளலாம். அன்றாடம் ஒரு பக்கம், தெய்வீகம் ஒரு பக்கம் என்று நாம் போடும் கோட்டை அவர்கள் போடவில்லை.

அரிசோனாவின் டுடுவேனியும் இப்படித்தான். பாறைகளில் ஏறத்தாழ 5000 சின்னங்கள், ஒரே சின்னம் வரிசை வரிசையாக. புரியாதவருக்கு மந்திர உரு ஏற்றுவது போலத் தோன்றும். கிராண்ட் கேன்யனுக்கு உப்பெடுக்கப் புனிதப் பயணம் போன ஹோப்பி ஆண்கள், ஒவ்வொரு முறை கடக்கும்போதும் தங்கள் குலச் சின்னத்தை அங்கே செதுக்கினார்கள் என்று ஹோப்பி மக்கள் சொல்கிறார்கள். வரிசையில் ஒரு குலம் எத்தனை முறை போய் வந்தது என்பது இருக்கிறது.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் உள்ள அய்சினைபி என்ற இடத்துக்கு வந்தால் கேள்வியே மாறிவிடும். 2019இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்குள்ள படங்கள் புனித ஆற்றல்கள் அனுப்பும் செய்திகள் என்பது பிளாக்ஃபுட் மக்களின் நம்பிக்கை. வரைந்தவர் என்ன நினைத்தார் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க, இந்தப் பாறை இன்று எனக்கு என்ன சொல்கிறது என்று அவர்கள் கேட்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஷாமனிடம் தள்ளிவிடாதீர்கள்

கலிஃபோர்னியாவின் கோசோ மலைப்பகுதியில் பெருங்கொம்பு ஆடுகளின் செதுக்கல்கள் ஏராளம். 1962இல் ஹைசர், பாம்ஹாஃப் என்ற ஆய்வாளர்கள் அவற்றை வேட்டை பலிக்கச் செய்த மந்திரம் என்றார்கள். பின்னால் டேவிட் விட்லி என்ற ஆய்வாளர், மலையாடு கொல்லப்பட்டால் மழை வரும் என்று அந்த வட்டார மக்கள் சொன்ன பழைய பதிவை எடுத்துக் காட்டி, மழை வரவழைப்பவர்கள் தன்னிலை மறந்த மயக்கத்தில் கண்ட காட்சிகள் என்றார். வாதம் இன்றும் ஓயவில்லை. வளைகோடுகளும் கட்டங்களும் மயக்க நிலையில் எல்லா மனிதர் கண்ணுக்கும் தெரியும் வடிவங்கள் என்று லூயிஸ்-வில்லியம்ஸ், டவ்சன் என்ற ஆய்வாளர்கள் 1988இல் முன்வைத்த கருத்து இந்த வழிக்கு வலுவூட்டியது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. எதற்கும் பொருந்தும் விளக்கம் எந்தப் பாறையைப் பற்றியும் தனியாக ஒன்றும் சொல்வதில்லை.

2020இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகச் சோதித்தது. கலிஃபோர்னியாவின் பின்வீல் குகையில் கூரையில் சிவப்பாக ஒரு காற்றாடி வடிவம். கூரை வெடிப்புகளில் மென்று செருகிய நார்ச் சக்கைகள் கிடைத்தன. அவை ஊமத்தை இனச் செடி என்று வேதிச் சோதனை காட்டியது. மயக்கம் தரும் செடிதான். ஆனால் அந்த ஊமத்தைப் பூ அந்திநேரத்தில் விரியும்போது முறுக்கு அவிழ்ந்து காற்றாடி போலவே இருக்கும். மயக்கத்தில் கண்ட காட்சியைவிட அந்தப் பூவையே வரைந்திருக்கக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதே குகையில் சமைத்த தடயங்களும் கருவிகளும் இருந்தன. தனிமையில் ஒரு ஷாமன் என்ற சித்திரம் போய், பலரும் கூடிப் புழங்கிய இடம் என்ற சித்திரம் வருகிறது.

அதனால் உங்கள் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அது எதில் நிற்கிறது என்று எழுதுங்கள். வரைந்த மக்களின் வழிவந்தவர்கள் சொன்னதா, உறவுடைய வேறு மக்களின் கதையிலிருந்து எடுத்ததா, உருவ ஒற்றுமை மட்டுமா? மூன்றாவதுதான் கையில் இருக்கிறது என்றால் "போலத் தோன்றுகிறது" என்பதோடு நிறுத்துங்கள்.

நடந்துகொள்ளும் முறை

பீட்டர்பரோவில் செதுக்கல்களைப் படம் எடுக்க அனுமதி இல்லை. கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். புகையிலையோ துணியோ வைத்திருந்தால் யாரோ வேண்டுதலோடு வைத்தது, கை படக் கூடாது. சில ஓவியங்களின் அர்த்தம் அந்தக் குலத்தாருக்கு மட்டுமே உரியது. கேட்டு, பதில் வராவிட்டால் அதுவே பதில். இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் எண்களை இணையத்தில் போடாதீர்கள். அமெரிக்கக் கூட்டரசு நிலத்தில், பழங்குடி நிலத்தில் பாறை ஓவியத்தைச் சேதப்படுத்தினால் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 10,000 டாலர் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

நல்ல எண்ணத்தோடு வருபவர்களாலும் இடம் கெடும். ஃபஹாடா குன்றின் ஒளிவாள் பிரபலமான பிறகு ஆட்கள் ஏறி இறங்கியதில் அடிமண் அரித்து, 1989இல் பார்த்தபோது கற்பலகைகள் நகர்ந்திருந்தன. ஒளி இப்போது பழைய இடத்தில் விழுவதில்லை. குன்றின் மேல் யாரையும் விடுவதில்லை.

முதல் பயிற்சிக்கு

நியூ மெக்சிகோவின் அல்புகெர்க்கி நகரத்தின் மேற்கு விளிம்பில் பெட்ரோகிளிஃப் தேசிய நினைவிடம் இருக்கிறது. எரிமலைக் கருங்கற்கள் சரிந்து கிடக்கும் 27 கிலோமீட்டர் சரிவில் ஏறத்தாழ 24,000 செதுக்கல்கள், பெரும்பாலானவை பியூப்ளோ மக்களின் முன்னோர் செய்தவை. அவர்களுக்கு இன்றும் புனித இடம். காலை வெயில் சாய்ந்து விழும்போது போங்கள். எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். பாதையோரம் ஒரே ஒரு கல்லைத் தேர்ந்துகொண்டு, தள்ளி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அதை மட்டும் எழுதுங்கள். கோடுகளின் எண்ணிக்கை, மங்கியது எது, பளிச்சென்றிருப்பது எது, கல் எந்தத் திசையைப் பார்க்கிறது, அங்கிருந்து என்ன தெரிகிறது. எதிர்ப் பக்கத்தை அன்று காலியாகவே விட்டுவிட்டு வாருங்கள்.